பொறாமைப்பட்ட பத்தியைக் கையால் எழுதிப் பாருங்கள்

சிங்கப்பூரின் எழுத்துப் போட்டியான தங்கமுனை விருது முடிவு வெளியாகும் வாரத்திலும், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நண்பரின் புத்தகம் வெளியான இரவிலும் எழுதுகிறவர்களுக்கு மனசுக்குள் ஒரு குடைச்சல் இருக்கும். அதை மறைக்கவோ அதற்காக வெட்கப்படவோ வேண்டாம். ஆனால் அதை ஆள்மேல் வைக்காதீர்கள், அவர் எழுதிய பத்தியின்மேல் வையுங்கள்.

பாராட்டு பெரும்பாலும் ‘என்னமா எழுதியிருக்கார்!’ என்பதோடு முடிந்துவிடும். பொறாமைக்குக் குறி தப்பாது. நூறு பக்கம் ரசித்துப் படித்தவர் ஒரு பத்தியில் ‘இது நமக்கு வரலையே’ என்று நின்றால், அவர் அடுத்துப் பழக வேண்டியது அதுதான். பக்க எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் தேடினால் கிடைக்காது.

பிறகு அந்தப் பத்தியைப் பேனாவால் எழுதுங்கள். 150 முதல் 200 சொல் போதும். கைப்பேசி வேண்டாம், அடுத்த சொல்லை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். கையால் எழுதும்போது நம் மனம் ஒரு சொல்லை எதிர்பார்க்கும், ஆசிரியர் வேறு சொல் போட்டிருப்பார். அந்த இடங்களில் சின்னப் புள்ளி வையுங்கள்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் பிள்ளை நிற்கிறார். டிராமில் போனால் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை பாக்கு. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்ச தூரம் கடந்து டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. பணமுடை உள்ளவர், கணக்குப் பார்ப்பவர், சின்னத் திருட்டுத்தனமும் உண்டு என்று ஆசிரியர் எங்கும் சொல்வதில்லை. அந்தக் கணக்கே ஆளைக் காட்டிவிடுகிறது. இரண்டு சின்ன ஆசைகள், ஒன்றுக்குத்தான் காசு, அதில் ஒன்றை அடைய ஒரு பொய். பத்தியின் எலும்பு இவ்வளவுதான்.

இதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் நெல்லைப் பேச்சையும் காலணாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் நடக்கும் கதையில் பாட்டி திருநெல்வேலித் தமிழ் பேசுகிறார். எலும்பை மட்டும் எடுத்து அந்தப் பாட்டியை இங்குள்ள தேக்கா சந்தை வாசலில் நிறுத்திப் பாருங்கள். இங்கே ஏமாற்றக் கண்டக்டர் கிடையாது. அப்படியானால் அந்தப் பொய் யாரிடம்? ‘சாப்பிட்டாச்சு’ என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த பத்து வெள்ளியில் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதா, கோப்பியும் பிராட்டாவும் வாங்குவதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது கதை உங்களுடையதாகிவிடும்.

இன்னொரு வழி பழையது. பெஞ்சமின் பிராங்கிளின் இளவயதில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளுக்கு வரிக்கு ஒரு சிறு குறிப்பு எடுத்துச் சில நாள் தள்ளிவைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் தன் சொல்லில் முழுதாக எழுதி, ஒப்பிட்டுத் திருத்துவார். தள்ளிவைக்கும் நாள்கள்தான் முக்கியம். உடனே எழுதினால் மூலத்தின் சொற்களே நினைவிலிருந்து வந்து விழும். நூலகக் கடன் 21 நாள்: முதல் வாரம் குறிப்பெடுங்கள், இரண்டாம் வாரம் மறந்திருங்கள், மூன்றாவதில் எழுதி ஒப்பிடுங்கள். பெரும்பாலும் நம் பத்தி நீளமாக இருக்கும். கூடுதலான வரிகளை அடிக்கோடிட்டால் வேதனை, ஏக்கம், பெருமூச்சு என்று உணர்ச்சிகளின் பெயர்களாகவே இருக்கும்.

இந்தப் பயிற்சித் தாளைப் பத்திரிகைக்கோ போட்டிக்கோ அனுப்பாதீர்கள். அது இரவல் எலும்பு. ஒரே எழுத்தாளரிடம் மாதக்கணக்கில் தங்குவதும் ஆபத்து, அவர் குரல் ஒட்டிக்கொண்டால் எளிதில் கழலாது. குணம் வேறான மூவரை மாற்றி மாற்றி எடுங்கள்.

அவர்களில் ஒருவராவது சிங்கப்பூரர் ஆகட்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். சீனப் பக்கத்துவீட்டுக்காரர் பேசுவதைத் தமிழில் எப்படி எழுதுவது, இங்குள்ளவர்கள் பேச்சின் முடிவில் ஒட்டும் ‘லா’வை எங்கே விடுவது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நடக்கும் மலாய்–தமிழ் உரையாடலை அடைப்புக்குறி விளக்கம் இல்லாமல் எப்படிப் புரியவைப்பது என்பதையெல்லாம் சென்னை எழுத்தாளர் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. இங்கே எழுதியவர்கள் தீர்த்திருக்கிறார்கள், சிலர் மிக அழகாக. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பல மின்வடிவில் தேசிய நூலக வாரியத்திடம் உள்ளன. உங்களைப் போன்ற ஆளை, உங்கள் தெருவிலேயே வைத்து, உங்களைவிட நன்றாக எழுதியவர்மேல் வரும் பொறாமைக்கு வேகம் அதிகம்.

பலரை முடக்கிப்போடுவது ஒப்பீட்டில் வரும் பிழை. நம் முதல் வரைவையும் நாம் பொறாமைப்படும் எழுத்தாளரின் அச்சான பக்கத்தையும் அருகருகே வைக்கிறோம். அவர் வெட்டி எறிந்தவை நம் கண்ணில் படுவதில்லை. பரிசு யாருக்குப் போனது, நடுவருக்கு யார் வேண்டியவர் என்ற பேச்சிலும் ஒரு வரிகூடத் தேறாது.

அதனால் அடுத்த புத்தக வெளியீட்டில் அந்த எழுத்தாளரைக் கண்டால் பக்க எண்ணோடு போய்க் கேளுங்கள்: “இந்தப் பத்தியை எத்தனை தடவை மாத்தி எழுதினீங்க, எதையெல்லாம் எடுத்தீங்க?” நம் வட்டம் சிறியது. எழுதுகிறவர்கள் தேநீர் மேசைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.