புல்வெளியைத் தரிசு என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை.

தாராபுரம் பக்கம் "தரிசாகக் கிடக்கும்" நிலத்தில் மரம் நட இங்கே சிங்கப்பூரிலிருந்து பணம் திரட்டுகிறார்கள். முதலில் ஓராண்டு அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுப்போம், பிறகு முடிவு செய்யலாம் என்றேன். "குருவியை எண்ணி என்ன செய்யப் போகிறாய், தங்கச்சி?" என்றார் ஓர் அண்ணன். அரங்கமே சிரித்தது. கணக்கெடுத்தால் பணம் வீண் என்றார் இன்னொருவர்.

அது தரிசு இல்லை. எங்கள் ஊரில் அதற்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்த நிலம். ஆறு வயதில் அங்கே ஒரு புல் தூரின் அடியில் வானம்பாடிக் கூட்டைப் பார்த்தேன். உள்ளே மூன்று முட்டை. அது முட்டைகளைப் பொரித்து முடிக்கும்வரை அப்பாரு மாடுகளை மறுபக்கம் ஓட்டினார். அவருக்கு யாரும் சூழலியல் கற்றுத்தரவில்லை.

எண்ணுவது பொழுதுபோக்கு இல்லை. விடியலில் குறித்த இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுத வேண்டும்; பிறகு அடுத்த இடம். பருவந்தோறும் இதைச் செய்ய வேண்டும். பூனைப்பருந்துகள் நடு ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்குத்தான் வருகின்றன. மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் அது பொய்க் கணக்கு. வானம்பாடியும் கவுதாரியும் தரையில் முட்டையிடுகின்றன. நெருக்கமாக மரம் வைத்தால் நிழலில் புல் சாகும், காக்கைக்குக் கூட்டை நோட்டமிடக் கிளை கிடைக்கும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு மரத்தை எதிர்க்கிறாயா என்பீர்கள். 2020இல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கத்தில் நானும் நட்டிருக்கிறேன். இது மழைக்காடாக இருந்த தீவு. இங்கே நடுவது இழந்ததை மீட்பது. இத்தனை இடநெருக்கடியிலும் ஜூரோங் லேக் கார்டன்ஸில் புல்வெளிக்கென்று இடம் விட்டிருக்கிறார்களே, அதைப் போய்ப் பாருங்கள். மழைக்கு மரம் வேண்டாமா? வேண்டும். ஏரிக்கரையில் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள். கணக்கெடுத்தால் பணம் வீண் என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவையை நினைத்துப் பாருங்கள். வேட்டையும் மின்கம்பியும் ஒருபக்கம் என்றால், அது வாழ்ந்த புல்வெளியைத் தரிசு என்று உழுததும் மரம் நட்டதும் மறுபக்கம். 2011இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். இன்று இருநூறுகூட மிச்சமில்லை.

அண்ணன் கேட்டதுகூட எனக்கு வலிக்கவில்லை. அவர் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. சிரித்தவர்களில் என் சித்தப்பாவும் இருந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கூட்டைக் காட்டியவர் அவர்தான்.