தட்டில் தடை போடாதீங்க, வண்டியில் போடுங்க

வாத்தின் தொண்டையில் குழாயைச் செருகி மக்காச்சோளத்தைத் திணிப்பார்கள். ஈரல் பத்து மடங்கு வரை வீங்கியதும் அறுத்து எடுப்பார்கள். ஃபுவா க்ரா என்று பெயர். 2014 ஜூலையில் இந்தியா இதன் இறக்குமதியைத் தடை செய்தது. அன்றைக்கு நம்ம வேலூர்ப் பக்கத்தில், காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரைக்கும் எந்தக் கடைக்காரருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை. இங்கே அதைத் தின்றவர் யார்? அந்தத் தடை அவ்வளவு சுலபமாக வந்ததற்குக் காரணமும் அதுதான்.

கொடுமையில் விளைகிற உணவை எல்லாம் தடை செய்யணும் என்கிற பேச்சு மறுபடி சூடாகிறது. கொடுமை நடக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடையைத் தின்கிறவன் தட்டில் போடுவதா, கொடுமை நடக்கிற இடத்தில் போடுவதா என்பதில்தான் வழக்கு. நான் இரண்டாவது கட்சி.

முட்டையைப் பாருங்கள். நாமக்கல்லிலிருந்து ட்ரே ட்ரேயாக நம்ம ஊருக்கு வந்து இறங்குகிறது. பழைய கூண்டு ஒன்று 15 அங்குலத்துக்கு 12 அங்குலம், உள்ளே மூன்று கோழி. தலைக்குச் சுமார் 387 சதுர சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளே 623. அந்த இடத்தில் இறக்கையை விரிக்க முடியாது, மண்ணில் புரள வழியில்லை, முட்டையிட ஒதுக்குப்புறமும் கிடையாது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக் குதறும். அதற்கு வைத்தியமாக 7-10 நாள் குஞ்சிலேயே அலகு நுனியைச் சூடான பிளேடில் வைத்து வெட்டுகிறார்கள். பிளேடில் சூடு குறைந்தால் ரத்தம் நிற்காது. கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் குஞ்சு தீனி எடுக்காமல் காய்ந்து போகும்.

முட்டைக் கோழிகளுக்கான 2023 மத்திய அரசு விதிப்படி ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் தரணும். அதுவும் ஏ4 தாளைவிடச் சின்னதுதான். பழைய கூண்டில் மூன்றை இரண்டாக்கினால் கணக்கு சரியாகிவிடும். உடனே முட்டை விலை ஒன்றரை மடங்காகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஆகாது. முட்டையின் அடக்கவிலையில் பெரும்பங்கு தீனி. ஒரு கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும், இடம் கொஞ்சம் கூடியதால் அது பெரிதாக மாறப்போவதில்லை. கூடுவது கூண்டுச் செலவும் கொட்டகைச் செலவும்தான்.

இன்னொன்று. முட்டைக்கென்றே வளர்க்கிற லேயர் ரகத்துச் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, பிராய்லர் மாதிரி எடையும் போடாது. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றைக்கே கழித்துக் கட்டுவார்கள். தெருவில் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றி விற்கிற கலர் குஞ்சு பெரும்பாலும் அதில் தப்பி வந்ததுதான். முட்டை மட்டும் சைவம் என்று சொல்கிறவர்கள் அந்தக் கூடையையும் எட்டிப் பார்க்கலாம்.

மாட்டுக்கு வந்தால் பேச்சே வேறு பக்கம் போய்விடுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்க இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று சர்ச்சை கிளம்பியது. கடைசியில் மழையைக் காட்டித் தள்ளிவைத்தார்கள். அந்தச் சண்டையில் மாட்டின் வலியைப் பற்றி யார் பேசினார்கள்? 2017 மே மாதத்து மத்திய அரசின் கால்நடைச் சந்தை விதியும் இதே கதைதான். சந்தையில் தண்ணீர்த் தொட்டி, நிழல், ஏற்றி இறக்கச் சரிவு என்று உருப்படியான ஷரத்துகள் அதில் இருந்தன. வெட்டுக்கு மாடு விற்காதே என்ற ஒற்றை ஷரத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்தது. ஒரே வாரத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைப் பக்கம் போனால் விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். கறவை வற்றிய மாட்டை விற்கிற விவசாயிக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் நடுவில் வண்டி வாடகை நிற்கிறது. வாடகை நடைக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறார்கள், தலைக்கு இவ்வளவு என்றா? ஒன்றை ஏற்றினாலும் நாலை ஏற்றினாலும் அதே காசு என்றால் யார் ஒன்றை ஏற்றுவார்கள்? மோட்டார் வாகன விதி மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் கேட்கிறது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் தளம் மூன்றே கால் சதுர மீட்டர் சுமார். அப்படியானால் ஒரு மாடு, இல்லையென்றால் பத்து ஆடு. ரோட்டில் போகிற வண்டியில் எத்தனை நிற்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நெருக்கத்தில் ஒன்று படுத்துவிட்டால் மற்றவை மிதிக்கும், அதை எழுப்ப வாலை முறுக்குவார்கள். பிடித்துக் கொடுத்தால்? 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அரை பிளேட் பிரியாணிக்குக்கூடக் காணாது.

தின்கிறவர்களுக்கும் இதில் கணக்கு உண்டு. மிரண்டு களைத்த மாட்டின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோகும். அது இருந்தால்தான் வெட்டிய பிறகு கறியில் அமிலம் ஊறும், அமில அளவான பி.எச். 5.5 பக்கம் இறங்கும் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). இல்லாவிட்டால் 6க்கு மேலேயே நிற்கும். கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும், வேலூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால்தான் 2001ஆம் வருட இறைச்சிக்கூட விதி, வெட்டுக்கு முன் 24 மணி நேரம் ஓய்வு கொடு, ஒன்றை வெட்டுவது இன்னொன்றின் கண்ணில் படக்கூடாது என்கிறது. கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12, ஒரு நாளில் 96 உருப்படிக்கு மேல் பார்க்கக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. வெட்டுக்கு முன் ஒழுங்காகச் சோதிக்க அந்த நேரமாவது வேண்டாமா?

இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். அபராதத் தொகையைத் திருத்தினால் போதும், சோதனைச்சாவடியில் வண்டித் தளத்தை அளக்க ஒரு டேப் இருந்தால் போதும். சந்தைக்கு ஒரு மண்மேடு. மாட்டை இறக்கும்போது வண்டியிலிருந்து குதிக்க வைக்கிறார்கள், அதில் கால் ஒடியவும் கூடும். வண்டித் தளம் மூன்றடி உயரம் என்றால் மேட்டுக்கு ஒன்பது அடிக்குக் குறையாமல் சரிவு வேண்டும், குளம்பு வழுக்காமல் அடிக்கு ஒரு குறுக்குப் பட்டை. இரண்டு டிராக்டர் மண்ணும் கொஞ்சம் கருங்கல்லும் இருந்தால் ஒரே நாள் வேலை.