சுதந்திரமும் ஆஸ்பத்திரி பில்லும்

அமெரிக்கர்களுக்குச் சுதந்திரம் பெரிது, ஐரோப்பியர்களுக்குச் சமத்துவம் பெரிது, அவர்கள் பண்பாடே அப்படி என்று யாராவது சொன்னால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தப் பாதிக்கு ஆதாரம் உண்டு. அரசின் தலையீடு இல்லாமல் அவரவர் வாழ்க்கையை அவரவர் பார்த்துக்கொள்வது முக்கியமா, யாரும் இல்லாமையில் வாடாதபடி அரசு பார்த்துக்கொள்வது முக்கியமா என்று 2011இல் பியூ ஆய்வு மையம் கேட்டது. அமெரிக்கர்களில் 58 சதவீதம் பேர் முதலாவதைச் சொன்னார்கள். ஜெர்மானியர்களில் 62 சதவீதம் பேர் இரண்டாவதை.

சரி, இது ரத்தத்தில் ஊறியதா? மருத்துவக் காப்பீட்டையே பாருங்கள். ஜெர்மனியில் 1883இல் தொழிலாளர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய சான்சலர் பிஸ்மார்க் இடதுசாரி இல்லை. சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்ட மனிதர். தொழிலாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. பிரிட்டனில் 1946இல் எல்லோருக்கும் அரசே இலவச மருத்துவம் தரும் என்.எச்.எஸ். திட்டத்துக்கான மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டது கன்சர்வேட்டிவ் கட்சி. அதே கட்சியின் பிரதமர் தாட்சர் பிற்பாடு தொலைபேசி, எரிவாயு, தண்ணீர் வரை தனியாருக்கு விற்றார். என்.எச்.எஸ்.ஸை விற்கவில்லை. அனுபவித்துப் பழகிய மக்கள் விடுவார்களா?

அமெரிக்காவில் 1942இல் போர்க்காலச் சட்டம் சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆள் பிடிக்கத் திண்டாடிய கம்பெனிகள் காப்பீட்டைக் காட்டி இழுத்தன. போர் முடிந்தும் அந்த ஏற்பாடு போகவில்லை. வேலை போனால் காப்பீடும் போகும் என்ற பயம் அங்கிருக்கும் நம் ஐ.டி. ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 1945இல் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீடு கொண்டுவரப் பார்த்தார். இது சோஷலிசம் என்று மருத்துவர் சங்கம் காசைக் கொட்டிப் பிரசாரம் செய்தது, திட்டம் படுத்துவிட்டது. சோஷலிசம் என்றாலே மிரளும் ஊரில்தான் அது எடுபடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மிரட்சிக்குத் தீனி போட்டவர்களை விட்டுவிட்டுப் பண்பாட்டை மட்டும் பேசினால் எப்படி?

காப்பீடு வாங்குவதைக் கட்டாயமாக்கிய ஒபாமாவின் சட்டத்தை எதிர்த்த வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. காப்பீடு வாங்கச் சொல்லும் அரசு, நாளை ப்ரோக்கோலி வாங்கச் சொன்னால் என்ன செய்வது என்கிற ரீதியில் கேட்டார் நீதிபதி ஸ்காலியா. தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப் பிடித்தம் கட்டிவரும் ஜெர்மானியருக்கு இது விசித்திரமான கேள்வியாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களுக்கு அரசே நடத்தும் மெடிகேர் இருக்கிறது, 1965ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் சம்பளத்தில் பிடித்தம்தான்.

2009இல் தென் கரோலினாவில் ஒரு கூட்டம். என் மெடிகேர் மேல் அரசு கை வைக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சி எம்.பி. பாப் இங்லிஸிடம் ஒருவர் எகிறினார். ஐயா, அதைக் கொடுப்பதே அரசுதான் என்று இங்லிஸ் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். அந்த ஆள் கேட்பதாக இல்லை.