அறிமுகம் செய்துகொள்ள வந்தவரைத் தேர்வு எழுத வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஜூம் சந்திப்பில் நடந்ததை, வெளிநாட்டில் வாழும் தமிழர்களான நம் குழுவில் இருக்கும் பெரும்பாலானோர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்தச் சின்ன வீடியோ வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். யாராவது பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஒரு பெண் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறார். இங்கே அவருக்கு யாரையும் தெரியாது. தன் முறை வந்ததும் கேமராவைப் போட்டு, பெயரைச் சொல்லி, வணக்கம் சொன்னார். "வீட்டுல தெலுங்கு பேசுவோம். பள்ளிக்கூடம் தமிழ்ல. அப்பாவுக்கு மாற்றலாகிப் போன இடங்கள்ல இந்தியும் மராத்தியும் பழகிட்டேன். இங்கிலீஷ் தெரியும். இந்த ஊர் மொழியில இப்பதான் ஏ2 முடிச்சிருக்கேன்." இவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் பெருமையடித்தது எங்கே இருக்கிறது? அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அவர் குரலில் இருந்தது கூச்சம்.

உடனே ஒருவர், "ஆறு மொழியா! எங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்" என்றார். இன்னொருவர் இந்த ஊர் மொழியில் மடமடவென்று ஏதோ கேட்டார். அந்தப் பெண் திணறினார். திரை முழுக்கச் சிரிப்பு எமோஜி. மூன்றாவதாக ஒருவர், "அப்போ தமிழ் உங்க தாய்மொழி இல்லையா?" என்று ஆரம்பித்தார். அதோடு அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டார். இது நடக்கும்போது பேசவேண்டியவர்கள் எல்லாரும் மைக்கை மூடி வைத்திருந்தார்கள்.

அறிமுகம் தேர்வு அல்ல. நான் சொல்ல வந்தது இதுதான். புதிதாக வந்த ஒருவர் தனக்கு என்னென்ன மொழி தெரியும் என்று சொன்னால், 'இந்த மொழிகளில் என்னோடு பேசலாம்' என்று அழைக்கிறார். அன்றைக்கு அந்தச் சந்திப்பில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தார்கள், மராத்தி பேசுகிறவர் ஒருவராவது இருந்தார். எனக்குத் தெரியும், அவர் என் தோழி. "நானும்தாங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்வதற்கு நாம் இடம் விட்டோமா? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல வந்தவரைப் பிடித்துப் பார்த்தோம்.

ஏ2 பற்றிப் பேச வேண்டும். அதை வைத்துத்தான் அதிகம் சிரித்தார்கள். ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். ஏ2 அதில் இரண்டாவது. தன்னைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, கடைக்குப் போவது, வேலை, அக்கம்பக்கம் என்று அன்றாட விஷயங்களில் எளிய வாக்கியங்களைப் புரிந்துகொள்ள முடியும், சின்னச் சின்னதாகப் பதில் சொல்ல முடியும் என்பதுதான் அதன் பொருள். எதிரில் இருப்பவர் தெளிவாகவும் நிதானமாகவும் பேச வேண்டும் என்பதும் அந்தப் படியின் விளக்கத்திலேயே இருக்கிறது. அவர் ஏ2 என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கேள்வி கேட்டவர் வாடகை ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எவ்வளவு என்று மூச்சுவிடாமல் கேட்டார். பதில் வராதது அந்தப் பெண் சொன்னது உண்மை என்பதற்குத்தான் சாட்சி. அதற்குப்போய்ச் சிரித்தீர்கள்.

அந்த அளவுகோலை உருவாக்கியவர்களே கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது எல்லாம் ஒருவருக்கு ஒரே படியில் இருக்க வேண்டியதில்லை என்கிறார்கள். பின்னாளில் அதை விரிவாக்கி வெளியிட்டபோது, அந்த மொழியைப் பிறப்பிலிருந்து பேசுகிறவரோடு ஒப்பிடும் வரிகளையும் மாற்றிவிட்டார்கள். மொழித்திறனை அளக்க அளவுகோல் உருவாக்கியவர்களுக்கு இருக்கும் நிதானம் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இல்லை.

"ஆறு மொழி தெரியும்னா ஆறுலயும் சரளமா பேசணும் இல்லையா?" என்று ஒரு அண்ணன் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். இல்லை அண்ணா. பல மொழி பேசுகிறவர்களுக்கு மூளையில் ஆறு தனித்தனி ஆட்கள் உட்கார்ந்திருப்பதில்லை. இருமொழியாளர் என்பவர் இரண்டு ஒருமொழியாளர்களை ஒன்றாகச் சேர்த்த ஆள் அல்ல என்று 1989-லேயே எழுதினார் பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியல் அறிஞர். வாழ்க்கையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு மொழி, வெவ்வேறு ஆட்களோடு வெவ்வேறு மொழி என்பதுதான் இயல்பு, அதனால் எல்லா மொழியும் ஒரே அளவுக்கு வளர்வதில்லை என்பது அவர் வாதம். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலக வேலையைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கச் சொன்னால் எத்தனை இடத்தில் நிற்பீர்கள்? அதற்காக உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொன்னால் சும்மா இருப்பீர்களா? அந்தப் பெண்ணுக்கு மராத்தி தெருவில் விளையாடிப் பழகிய மொழி. அதில் சண்டை போடத் தெரியும், விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இருக்கலாம். அதுவும் தெரிந்த மொழிதான்.

ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஒரு சிறு தாமதம் விழும். இதை ஆய்வுக்கூடங்களில் மில்லி விநாடிக் கணக்கில் அளந்திருக்கிறார்கள். பல மொழி பேசுகிறவர்களுக்குச் சொல் நாக்கு நுனியில் வந்து நிற்பதும் மற்றவர்களைவிட அதிகம். அமைதியான அறையில், யாரும் சிரிக்காதபோதே இப்படி. முன்பின் தெரியாத முகங்கள் கட்டம் கட்டமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆறு மொழியில் வரிசையாக ஒப்பித்துக் காட்டு என்றால் யாருக்கு வரும்?

சரி, ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. தெரியாத மொழியைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அதை நம்பி யாராவது மருத்துவமனைக்கோ வழக்கறிஞரிடமோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போனால் ஆபத்து என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். மருந்தின் அளவைத் தப்பாகச் சொன்னால் உயிர் போகும். அப்படிப்பட்ட இடத்துக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் போக வேண்டும், ஆறு மொழி தெரிந்தவரும் போகக் கூடாது, இருபது வருடமாக இங்கே இருக்கும் நீங்களும் போகக் கூடாது. ஆனால் அந்தப் பெண் தன்னை மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னாரா? வேலை கேட்டாரா? வணக்கம் சொன்னார்.

"சும்மா தமாஷுக்குத்தானே." இதற்கு நான் நீட்டி முழக்கிப் பதில் சொல்லப் போவதில்லை. தமாஷ் என்றால் அவரும் சிரித்திருப்பார்.

என் கோபம் அளவுக்கு மீறியதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என் மகன் சின்ன வயதில் வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவான். மழலையர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு இந்த ஊர் உச்சரிப்பு தமிழில் கலந்துவிட்டது. றகரமும் ழகரமும் வேறு மாதிரி வரும். நம்மவர்கள் கூடிய ஒரு பிறந்தநாள் விழாவில் அவனை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, "தமிழ்ல பேசு, பேசு" என்றார்கள். பேசினான். எல்லாரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். மறுபடி சிரித்தார்கள். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். நான் தமிழில் கேட்பேன், அவன் இந்த ஊர் மொழியில் பதில் சொல்வான். எல்லாம் புரியும், ஒன்றும் பேச மாட்டான். இப்படிப் புரிந்துகொண்டு பேசாமல் இருக்கும் பிள்ளைகள் வெளிநாடு வாழும் குடும்பங்களில் ஏராளம், மொழியியலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. பெயர் இருந்து எனக்கென்ன? பாட்டி போனில் கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்கிறான். அவர் அங்கே அழுகிறார்.

அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன்.

பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று மாதாமாதம் நம் குழுவில் புலம்புகிறோம். வகுப்பு வைக்கலாமா, போட்டி வைக்கலாமா என்று கூட்டம் போடுகிறோம். ஒருவர் தட்டுத் தடுமாறிப் பேச வரும்போது அவரை நிறுத்திச் சிரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பிறகு வகுப்பைப் பற்றிப் பேசுவோம்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "தமிழ் உங்க தாய்மொழி இல்லையா?" கேட்டவர் நல்லவர், கேள்வியிலும் தப்பில்லை என்று சமாதானம் சொல்கிறார்கள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது, மலையாளம் வீட்டில் பேசிக்கொண்டு, தமிழில் படித்து, தமிழில் காதலித்து, தமிழில் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் தமிழில் பேசித்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். தமிழில் பேசி, வீட்டில் வேறு மொழி என்று உண்மையைச் சொன்னதற்காக அவரிடம் அடையாள அட்டை கேட்டோம். நம்மை இந்த நாட்டில் யாராவது "நீங்க உண்மையில எந்த ஊர்?" என்று இரண்டாவது தடவை கேட்டால் நமக்கு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்!

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அதே சந்திப்பில் அவருக்கு முன்னால் பேசியவர் தன் நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் சொன்னார். "சூப்பர், வாழ்த்துகள்" என்றோம். எங்கே, ஒரு நிரல் எழுதிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அநாகரிகம் என்று நமக்குத் தெரியும். கணவரின் விசாவில் வந்து, இங்கே செல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு, வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொள்ள நிறுவனமும் இல்லை, பதவியும் இல்லை. மொழிகள் இருந்தன, அதைச் சொன்னார். வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்?

"நீங்க பெண்ங்கிறதால பேசுறீங்க" என்று இதற்கும் யாராவது வருவீர்கள். ஆமாம், பெண் என்பதாலும் பேசுகிறேன். வந்த புதிதில் வீட்டுக்குள்ளேயே கிடந்து, யாராவது ஒருவர் என்னிடம் எந்த மொழியிலாவது பேச மாட்டார்களா என்று காத்திருந்தவள் என்பதாலும் பேசுகிறேன்.

அட்மின்களுக்கு இரண்டு கோரிக்கை. அந்த வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பில் யாராவது ஒரு மொழியைச் சொன்னால், அந்த மொழி தெரிந்தவர்கள் கை தூக்கினால் போதும், கேள்விகள் வேண்டாம் என்று முதலிலேயே அறிவியுங்கள்.

சகோதரி, இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியவில்லை. என் மராத்தித் தோழி உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும்.

மற்றவர்களுக்கு: விவாதிக்க வேண்டும் என்றால் என்னோடு விவாதியுங்கள். அவர் பெயரையோ அந்த வீடியோவையோ இங்கே போட்டால் கமென்டை நீக்கிவிடுவேன், நெருங்கிய நட்பாக இருந்தாலும்.