குஸ்டாவ் மட்டும்தான் ஆபத்தா?
ஆப்பிரிக்க நாடான புருண்டியில் குஸ்டாவ் என்ற ஒரே ராட்சத முதலை 300 பேரைக் கொன்றதாக ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அங்குள்ள ருசிசி ஆற்றிலும் டாங்கனிக்கா ஏரியிலும் நைல் முதலைகள் எத்தனையோ உண்டு. குஸ்டாவ் பிடிபடவே இல்லை, வயிற்றைக் கிழித்துப் பார்த்தவரும் இல்லை. பிறகு எந்தச் சாவு எதன் கணக்கு? உள்நாட்டுப் போரில் ஆற்றில் வீசப்பட்ட பிணங்களை முதலைகள் தின்றதும் இதில் சேர்ந்திருக்கலாம். ராட்சதனையே பேசிக்கொண்டிருந்தால் 3 மீட்டர் முதலையை யாரும் சட்டை செய்யமாட்டார்கள் என்பதுதான் என் கவலை. ஆளைக் கொல்ல அந்த நீளமே போதும், முழங்காலளவு கலங்கல் நீரிலும் தெரியாமல் கிடக்கும். தினமும் ஒரே துறையில், ஒரே நேரத்தில் தண்ணீர் மொள்ளக் கூடாது, கவனித்துக் காத்திருக்கும். மீன் கழுவும் இடத்தில் குளிக்கவே கூடாது. விளிம்பில் குனியாமல், தள்ளி நின்று கயிறு கட்டிய வாளியை வீசி இழுங்கள். கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்; முதலை வாளியைக் கவ்வினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.