முப்பது மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சி.எம்.இ.யில், அதாவது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்விக் கூட்டத்தில், நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் சும்மா இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நோயாளியின் வறுமை, நிறம், சாதி எல்லாம் வைத்தியத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பேச, சமூக மருத்துவத் துறையின் அந்த இளம் டாக்டர் எழுந்ததுமே பாதி அரங்கம் பிரியாணிக்குப் போய்விட்டது. சரி, பசி. ஆனால் கேள்வி நேரத்தில் ஒரு சீனியர் மைக்கைப் பிடித்து, "நாங்க வைத்தியம் பார்க்கணுமா, சமூக சேவை பண்ணணுமா?" என்றாரே, அதற்கு விழுந்த கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

ஐயா, அந்தப் பெண் பேசியதும் வைத்தியம்தான்.

என் ஓ.பி.க்கு ஒரு அம்மா வருகிறார். சர்க்கரை எப்போதும் முந்நூறுக்கு மேல். முன்பு பார்த்தவர் நோட்டில் 'நான்-கம்ப்ளையன்ட்' (சொன்னபடி மருந்து எடுக்காதவர்) என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். உட்காரவைத்துக் கேட்டால் கதை வேறு. காலை ஆறரைக்கு இன்சுலின் போட்டால் அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். களை எடுக்கப் போகிற இடத்தில் கஞ்சி பத்து மணிக்குத்தான். ஒருநாள் வரப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அதிலிருந்து வேலைக்குப் போகிற நாளில் ஊசி கிடையாது. வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை. மருந்துக் குப்பி சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. இதையெல்லாம் கேட்காமல் டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஈர மணல் போட்ட பானைக்குள் சின்னச் சட்டியை வைத்து இன்சுலினைக் காப்பாற்றலாம் என்று எந்த சி.எம்.இ.யிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் சொன்னார்.

டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் சி.எம்.இ.யில் உட்கார வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அதில் புது மாத்திரைகளுக்கு எவ்வளவு போகிறது, சாப்பாட்டு பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"எனக்கு எல்லா நோயாளியும் ஒன்றுதான்" என்பீர்கள். நம்புகிறேன். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அப்படி இல்லையே! கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு தவறவிட்டது என்று 2020 டிசம்பரிலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்தது. நம் ஊர் நிறத்தை வைத்துக்கொண்டு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

"ஓ.பி.யில் நேரம் எங்கே இருக்கிறது?" இது நியாயம். மறுக்கவில்லை.

"இதெல்லாம் படித்துவிட்டுத்தானே வந்தோம்" என்கிறவர்களுக்கு: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இரு விரல் பரிசோதனை கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதற்காக மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிலரங்கு நடத்தவும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நாம் படித்து வந்த லட்சணம் அது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அன்று ராத்திரி நம் பேட்ச் குரூப்பில், "கோட்டா கோஷ்டிக்கு வேற டாபிக் கிடைக்காது" என்று ஒருவர் போட்டாரே? அதற்குப் பதினோரு சிரிப்பு எமோஜி. அதில் என்னோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களும் உண்டு.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு விடாத காய்ச்சல். டவுன் டாக்டர் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். அப்புறம் கழுத்தில் கிடந்த ஸ்டெத்தை அவர் எடுக்கவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே நாக்கை நீட்டச் சொன்னார், சீட்டை எழுதி ஓரமாகத் தள்ளிவிட்டார். டைஃபாய்டு என்று பெரியாஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வயிற்றைத் தொடாமல் டைஃபாய்டில் மண்ணீரல் வீங்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், சீனியர்? இது சமூக சேவையா, கிளினிக்கல் எக்ஸாமினேஷனா? புது டாக்டரிடம் போனால் அம்மா இன்றைக்கும் பக்கத்துத் தெருப் பெயரைத்தான் சொல்கிறார். மகன் டாக்டராகி என்ன பிரயோஜனம்!

சாதியை எதற்கு இழுக்கிறாய் என்று கமென்ட்டில் வராதீர்கள். நான் இழுக்கவில்லை, குரூப்பில் போட்டது நான் இல்லை. அதை ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அட்மின் என்னை நீக்குவதாக இருந்தால் தாராளமாக நீக்கிக்கொள்ளலாம்.