'காலில் சுட்டிருக்கலாமே' என்பவர்களுக்கு

ஒவ்வொரு என்கவுன்ட்டருக்குப் பிறகும் கமெண்டில் இரண்டு கட்சி. ஒன்று, "ரவுடிதானே, ஒழிஞ்சான்". இன்னொன்று, "காலில் சுட்டிருக்கலாமே". இரண்டாவது கட்சிக்கு மனசு நல்லது, கேள்விதான் தப்பு.

கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியைக் கடக்க ஒன்றரை விநாடி போதும் என்று 1983-இலேயே டென்னிஸ் டுயெலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் அளந்து காட்டினார். அதற்குள் உறையிலிருந்து பிஸ்டலை உருவி, வீசி வீசி ஓடுகிற காலைக் குறிபார்ப்பது நடக்காத காரியம். தவறிய தோட்டா தரையில் பட்டுத் தெறித்து யார் மேலோ பாயும். பட்டாலும் ஆள் நிற்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிஷத்தில் உயிரே போய்விடும்.

வெட்ட வருபவனைத் தடுக்கச் சுட்டு, அவன் செத்தால் எனக்கு மறுப்பில்லை. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு அந்த உரிமையைப் போலீசுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் தருகிறது. அதற்கு வேலி 37: தேவைக்கு மேல் போகக் கூடாது. கத்தி கீழே விழுந்த பிறகு பாயும் குண்டு தற்காப்பு ஆகாது. அவன் மேல் எத்தனை கொலை வழக்கு என்ற பட்டியலுக்கு இங்கே வேலையே இல்லை.

எனக்கு இடிப்பது போலீஸ் சொல்லும் கதையின் முன்பாதி. "பதுக்கிய ஆயுதத்தை எடுத்துத் தர அழைத்துச் சென்றபோது எஸ்.ஐ.யின் கையில் வெட்டினான்." ஆயுதம் அவன் கைக்கு ஏன் போனது? சாட்சியச் சட்டத்துக்கு வேண்டியது அவன் சொல்லும் தகவல்தான். அவன் இடத்தைக் காட்டினால் போதும், புதருக்குள் கைவிட்டு ஏட்டு எடுக்கலாம். பக்கத்தில் நிற்கும் வி.ஏ.ஓ., கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் கையெழுத்துப் போடுவார்.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத் அருகே சட்டான்பள்ளியில், பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேர் சுடப்பட்டதற்கும் இதே முன்பாதிதான்: அழைத்துப் போனோம், துப்பாக்கியைப் பறித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் அதை நம்பவில்லை. வேண்டுமென்றே சுட்டார்கள் என்று சொல்லி, பத்துப் போலீசார் மேல் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது.

பொய்யா மெய்யா என்று பார்க்க வழி இருக்கிறது. எஸ்.ஐ.யின் சட்டையைக் கைப்பற்ற வேண்டும். கையில் இருக்கும் வெட்டும் துணியில் இருக்கும் கிழிசலும் ஒரே இடத்தில், ஒரே வாக்கில் பொருந்த வேண்டும். சுடப்பட்டவன் தோலில் குண்டு நுழைந்த துளையைச் சுற்றி வெடிமருந்துத் துகள் குத்தியிருந்தால், சுட்டது சில அடிக்குள்ளிருந்து. "தூரத்தில் ஓடினான்" என்ற எஃப்.ஐ.ஆர். அங்கேயே சாய்ந்துவிடும்.

2014-இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் ஆட்களோ விசாரிக்க வேண்டும், சுட்ட துப்பாக்கியைத் தடயவியலுக்கு ஒப்படைக்க வேண்டும், கையோடு பதவி உயர்வு கூடாது. பலர் கவனிக்காத வரி ஒன்று அதில் உண்டு: இவையெல்லாம் சாவுக்கு மட்டுமல்ல, கொடுங்காயத்துக்கும் பொருந்தும். கைதானவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்ட கதை போய், இப்போது முழங்காலுக்குக் கீழே குண்டு. "உயிரோடதானே விட்டாங்க" என்று நாமும் கடந்து போகிறோம். அந்தக் காலுக்கும் வேறு ஸ்டேஷன் விசாரணை உண்டு.